ஆர் மென்பொருளிலிருந்து கணினியின் நேர மண்டலத்தை அறிவது எப்படி?

நேர மண்டலம் குறிப்பிடாமல் ஒரு தேதியையும் நேரத்தையும் ஆஸ்.பாஸிக்ஸ்சிடி() சார்பிடம் (நேரமாக மாற்றித் தரும் கட்டளை) கொடுத்தால், புள்ளியியல் மென்பொருளான ஆர் அதைக் கணினியின் மண்டலத்துக்குரிய நேரமாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே சென்னையில் உள்ள மடிக்கணினியில் சரியாக ஓடிய நிரல், யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் இயங்கும் சர்வரில் எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமல் ஐந்தரை மணி நேரம் பிசகிய விடையைத் தந்துவிடும். தரவைத் தொடுவதற்கு முன்பே மண்டலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இதனால்தான்.

ஆரில் கட்டளை இடும் சாளரமான கன்சோலில் சிஸ்.டைம்ஸோன்() என்று ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், அடைப்புக்குறிக்குள் எதுவும் தேவையில்லை. இந்தியக் கணினியில் "ஆசியா/கொல்கத்தா" என்றும், விண்டோஸில் பெரும்பாலும் "ஆசியா/கல்கட்டா" என்றும் விடை வரும். இரண்டும் ஒரே மண்டலமே. டிஇசட் என்னும் சூழல் மாறி (நிரல்கள் படிக்கும் பெயரிட்ட அமைப்பு மதிப்பு) அமைக்கப்பட்டிருந்தால், கணினியின் அமைப்பைப் பாராமல் அதன் மதிப்பையே இச்சார்பு திருப்பித் தரும். எனவே விடை எதிர்பாராததாக இருந்தால் சிஸ்.கெட்என்வி("டிஇசட்") கட்டளையை இயக்கிப் பாருங்கள். மண்டலத்தைக் கண்டறிய முடியாதபோது, மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் என்ஏ என்று வரும்.

ஃபார்மட்(சிஸ்.டைம்(), "%இசட்") என்று கேட்டால் ஐஎஸ்டி (இந்தியத் திட்ட நேரம்) என்ற சுருக்கம் மட்டுமே கிடைக்கும். இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் அதே சுருக்கம் வழங்குவதால் அதை நம்பக் கூடாது. அந்த இசட்டைச் சிறிய எழுத்தாக இட்டால் யுடிசியிலிருந்து +0530 (ஐந்தரை மணி நேரம் முன்) என்ற வித்தியாசம் கிடைக்கும், இதுவும் போதாது. கொழும்புக்கும் கொல்கத்தாவுக்கும் இன்று இந்த எண் ஒன்றுதான். ஆனால் இலங்கை 1996இல் கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரை மணி நேர வித்தியாசத்துக்குத் திரும்பியது. 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் காலை 9 மணி என்பது "ஆசியா/கொழும்பு" மண்டலத்தில் யுடிசி 3:00. "ஆசியா/கொல்கத்தா" மண்டலத்தில் 3:30. பழைய வானிலைப் பதிவுகளையோ மருத்துவமனைப் பதிவுகளையோ ஒப்பிடுபவருக்கு இந்த அரை மணி நேரம் சிறிய விஷயமல்ல. ஊர்ப்பெயருடன் கூடிய மண்டலப் பெயரில் மட்டுமே இந்த வரலாறு அடங்கியிருக்கிறது.

மண்டலத்தை மாற்ற வேண்டுமானால் சிஸ்.செட்என்வி(டிஇசட் = "ஆசியா/கொல்கத்தா") என்று அமைக்கலாம்; அது அந்த அமர்வு முடியும்வரை நீடிக்கும். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் ஆர் அதைப் பெரும்பாலும் யுடிசியாகவே கொள்ளும், எச்சரிக்கை வராமலும் போகலாம் என்பதால், முதலில் ஓல்சன்நேம்ஸ்() தரும் பட்டியலில் அப்பெயர் இருக்கிறதா என்று சரிபாருங்கள். இருப்பினும், பிறருடன் பகிரும் நிரலில் சூழல் மாறியை நம்புவதைவிட, நேரத்தை மாற்றும் ஒவ்வொரு கட்டளையிலும் டிஇசட் அளபுருவை (அடைப்புக்குறிக்குள் தரும் மதிப்பு) வெளிப்படையாக எழுதுவதே என் பரிந்துரை. ஆர் 4.3 பதிப்பு முதல் அமர்வின் விவரங்களைக் காட்டும் செஷன்இன்ஃபோ() வெளியீட்டிலும் நேர மண்டலம் இடம்பெறுவதால், ஆய்வு முடிவுகளுடன் அதையும் சேர்த்து அனுப்பலாம்.