வடசென்னையிலிருந்து அமெரிக்க ஸ்டூடன்ட் விசா: இருக்கிற பணத்தைப் பேப்பரில் கொண்டுவருவது எப்படி

அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் படிக்க சீட் கிடைத்து, அடுத்தது விசா என்று நிற்கும் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். படிவம் நிரப்புவது பெரிய வேலை இல்லை, பொறுமையாக உட்கார்ந்தால் ஒரு நாளில் முடியும். நம் பக்கத்துப் பிள்ளைகள் சிக்குகிற இடம் பணம். வீட்டில் பணமே இல்லை என்பதைவிட, இருக்கிற பணம் எந்தப் பேப்பரிலும் இல்லை என்பதுதான் அதிகம். அப்பா காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பார், அம்மா இட்லி மாவு அரைத்து விற்பார், வருமானம் கையில் காசாக வந்து சீட்டாகவும் நகையாகவும் மாறிவிடும், பாஸ்புக்கைத் திறந்தால் கேஸ் மானியம் மட்டும் தெரியும். இதை எப்படிச் சரி செய்வது என்பதுதான் முக்கியம்.

முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். சீட் கிடைத்ததும் பல்கலைக்கழகம் முதல் வருடச் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்கும், அதைக் காட்டினால் ஐ-20 என்ற படிவம் மின்னஞ்சலில் வரும். அதைப் பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்து வைக்கிற அமெரிக்க அரசின் அமைப்பு) கட்டணம் 350 டாலர், டிஎஸ்-160 என்ற ஆன்லைன் விசா விண்ணப்பப் படிவம், விசா கட்டணம் 185 டாலர், அப்புறம் இரண்டு அப்பாயின்ட்மென்ட்: ஒன்று கைரேகைக்கும் போட்டோவுக்கும், இன்னொன்று தூதரக இன்டர்வியூவுக்கு. வகுப்பு தொடங்குவதற்கு 365 நாள் முன்பிருந்தே விசா வாங்கலாம், ஆனால் 30 நாளுக்கு முன்னால் அமெரிக்காவுக்குள் போக முடியாது. ஆகஸ்டில் சேருகிற எல்லோரும் மே, ஜூன் மாதங்களில் ஸ்லாட் தேடுவார்கள், அதனால் ஐ-20 வந்த வாரமே உட்கார்ந்துவிடுங்கள்.

பெயர் விஷயத்தை இப்போதே பாருங்கள். நம்மில் பலர் பாஸ்போர்ட்டில் பெயர் மட்டும் இருக்கும், குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கும். அப்படி இருந்தால் டிஎஸ்-160இல் உங்கள் பெயரைக் குடும்பப்பெயர் கட்டத்தில் எழுதி, முதல் பெயர் கட்டத்தில் எஃப்என்யூ (FNU, முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம்) என்று போட வேண்டும், விசாவிலும் அப்படியேதான் அச்சாகும். விசா கிடைப்பதற்கு இது தடையில்லை. ஆனால் அங்கே போன பிறகு வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ், சம்பளச் சீட்டு என்று எல்லாவற்றிலும் அந்த மூன்று எழுத்துதான் உங்கள் முதல் பெயராக ஒட்டிக்கொண்டு நிற்கும். கல்லூரி மூன்றாம் வருடத்திலேயே அமைந்தகரை பாஸ்போர்ட் சேவா மையத்தில் ரீ-இஷ்யூவுக்கு விண்ணப்பித்து, இனிஷியலை அப்பா பெயராக விரித்துப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. விசா நேரத்தில் இதைத் தொடாதீர்கள், போலீஸ் வெரிஃபிகேஷன் முடிய நாளாகும்.

சரி, பணம். ஐ-20இல் ஒரு வருடச் செலவும், அதை யார் தருகிறார்கள் என்பதும் எழுதியிருக்கும். அந்தத் தொகைக்கு நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இது பெரும்பாலும் கல்விக் கடனில்தான் நிற்கும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வங்கி மேனேஜர் கையெழுத்துப் போட்ட சாங்ஷன் லெட்டர், மாமா கணக்கில் நேற்று விழுந்த 30 லட்சத்தைவிட ஆயிரம் மடங்கு நம்பகமானது. பொதுத்துறை வங்கிகளில் பொதுவாக 7.5 லட்சம் வரை அடமானம் கேட்க மாட்டார்கள், அதற்கு மேல் போனால் சொத்துக் கேட்பார்கள். இங்கேதான் வடசென்னை வீடுகளின் கதை தொடங்குகிறது. வீடு தாத்தா பேரில் இருக்கும், தாத்தா இறந்து பல வருடம் ஆகியிருக்கும், பெயர் மாற்றமே நடந்திருக்காது. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்கி, சித்தப்பா, அத்தை எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் வங்கி அந்தப் பத்திரத்தைத் தொடும். அத்தை கோபமாக இருந்தால் இப்போதே போய்ப் பேசி வையுங்கள், ஜூன் மாதத்தில் பேச நேரம் இருக்காது. குடிசை மாற்று வாரிய வீடு என்றால் தவணை முழுக்கக் கட்டி முடித்திருந்தாலும் கிரயப் பத்திரம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள், ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் வைத்து வங்கி கடன் தராது. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றிலும் பெயர், கதவு எண், சர்வே எண் ஒன்றாக இருக்க வேண்டும்.

நகை இருந்தால் தெருமுனை அடகுக்கடையில் வைத்துக் காசாக வாங்காதீர்கள். வங்கியில் வைத்தால் கடன் தொகை நேராகக் கணக்கில் விழும், ரசீதும் இருக்கும், பணம் எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும் ஒரு தாளை நீட்டலாம். சீட்டும் அப்படித்தான். பதிவு பெற்ற கம்பெனியில் போட்ட சீட்டுக்கு பாஸ்புக் உண்டு. தெருவில் அக்காக்கள் சேர்ந்து நடத்துகிற சீட்டுக்கு நோட்டுப் புத்தகம்தான் உண்டு, அந்தப் பணத்தை எடுத்த அன்றே வங்கியில் போட்டு அப்படியே விட்டுவையுங்கள். அப்பா இதுவரை வருமான வரி ரிட்டர்ன் போட்டதே இல்லை என்றால், வரி கட்டுகிற அளவு வருமானம் இல்லாவிட்டாலும், பிள்ளை கல்லூரியில் இருக்கும்போதே உண்மையான தொகையைக் காட்டிப் போடத் தொடங்குங்கள். விசாவுக்காக ஒரே வருடம் திடீரென்று பெரிய தொகை காட்டினால் அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகள் கடனுக்கு ஓடுவதற்கு முன்னால் இரண்டு உதவித்தொகைகளைப் பார்க்க வேண்டும். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். ஆதிதிராவிடர்களுக்கான மத்திய அரசின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்புக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள், மதிப்பெண் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும். இவ்வளவு பெரிய உதவி இருப்பதே தெரியாமல் வட்டிக்கு வாங்கி அனுப்புகிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. தெரிந்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

‘பேலன்ஸ் நாங்களே காட்டித் தருகிறோம்’ என்று சொல்கிற ஏஜென்ட்டிடம் போகவே போகாதீர்கள். ஒரு மாதத்துக்கு உங்கள் கணக்கில் பணம் போட்டு எடுப்பதற்கு ஒரு தொகை வாங்குவார்கள், வேலை செய்யாத கம்பெனியில் செய்ததாகச் சான்றிதழும் தருவார்கள். பணம் போதவில்லை என்று விசா மறுத்தால் அடுத்த முறை சரி செய்துகொண்டு போகலாம். பொய்ப் பேப்பர் என்று பிடிபட்டால் அமெரிக்கச் சட்டப்படி அது வாழ்நாள் தடை வரைக்கும் போகும். 22 வயதுப் பிள்ளை தலையில் அந்தச் சுமையை ஏற்ற எந்த அப்பாவும் சம்மதிக்கக் கூடாது.

இன்டர்வியூ இரண்டு மூன்று நிமிடம்தான். அதிகாரி பல நேரம் ஃபைலைத் திறக்கக்கூடச் சொல்ல மாட்டார், வாயால் கேட்பார்: ஏன் இந்தப் பல்கலைக்கழகம், செலவு யார் செய்கிறார், அப்பா என்ன வேலை. கடைசிக் கேள்விக்கு நம் பிள்ளைகள் கூச்சப்பட்டு ‘பிசினஸ்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அதிலிருந்து அவருக்கு எதுவும் புரியாது. ‘அப்பா வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், நாலு பேர் வேலை செய்கிறார்கள், எனக்குக் கல்விக் கடன் இவ்வளவு சாங்ஷன் ஆகியிருக்கிறது, மீதி அவருடைய சேமிப்பு’ என்று எளிய இங்கிலீஷில் நேராகச் சொல்லுங்கள். இலக்கணம் கொஞ்சம் பிசகினால் பரவாயில்லை, அப்பா தொழிலை மறைக்க வேண்டாம். அங்கே போய் பார்ட்-டைம் வேலை செய்து ஃபீஸ் கட்டுவேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். படிக்கிற காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி, அதை நம்பி வருகிறவருக்குப் பணம் போதாது என்றுதான் அவர் நினைப்பார். உங்கள் கோர்ஸில் உள்ள இரண்டு பாடங்களையாவது பெயர் சொல்லி, ஏன் படிக்க வேண்டும் என்று பேசத் தெரிந்திருக்க வேண்டும். சீனியர் எழுதிக் கொடுத்த பதிலை மனப்பாடம் செய்தால், அதே பதிலை உங்களுக்கு முன்னால் நின்றவரும் சொல்லியிருப்பார்.

டிஎஸ்-160இல் கடைசி 5 வருடம் பயன்படுத்திய சோஷியல் மீடியா கணக்குகளைக் கேட்பார்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். 2025 ஜூன் முதல் மாணவர்கள் அந்தக் கணக்குகளைப் பப்ளிக்காக மாற்றி வைக்கவும் வேண்டும். போட்டோ வெள்ளைப் பின்னணியில் 2க்கு 2 இன்ச், கண்ணாடி போடக் கூடாது. செவிஸ் ரசீதைக் கையோடு வைத்திருங்கள்.

இன்டர்வியூ அன்று எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கமிருந்து ஆட்டோவிலோ பைக்கிலோ கிளம்பாதீர்கள், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, எங்கே மெட்ரோ ஏறினாலும் ஆயிரம் விளக்கு வரை வண்டி மாற வேண்டியதில்லை, அங்கிருந்து தூதரகம் இருக்கிற ஜெமினி பாலத்துக்கு நடக்கலாம். போனை உள்ளே விட மாட்டார்கள், அப்பாவோ அண்ணனோ கூட வந்தால் அவர்களிடம் கொடுத்துவிட்டு ஃபைலோடு மட்டும் உள்ளே போங்கள்.

மறுத்துவிட்டால் அங்கே நின்று வாதாட வேண்டாம், மேல்முறையீடு கிடையாது. புதிதாகக் கட்டணம் கட்டி மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் எதுவுமே மாறாமல் அதே பேப்பரோடு போவதில் பிரயோஜனம் இல்லை. என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை வெளியே வந்ததும் எழுதி வைத்து, எங்கே தடுமாறினீர்கள் என்று பார்த்துச் சரி செய்துகொண்டு போங்கள். கிடைத்துவிட்டால், பாஸ்போர்ட் திரும்பி வந்த அன்றே விசாவில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், செவிஸ் எண் எல்லாவற்றையும் ஐ-20ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஓர் எழுத்து தப்பாக இருந்தாலும் டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே தூதரகத்துக்கு எழுதுங்கள். ஐ-20ஐயும் கடன் லெட்டரையும் செக்-இன் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள், இறங்கியதும் இமிகிரேஷனில் அதைத்தான் கேட்பார்கள்.