டிரெய்லர் இழுக்க டீசல் பிக்கப்பா? முதலில் கதவைத் திறந்து பாருங்கள்

அமெரிக்காவில் கனமான டிரெய்லருக்காக டீசல் பிக்கப் தேடுபவர்கள், எத்தனை பவுண்டு இழுக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம், வண்டி எவ்வளவு சுமக்கும் என்பது. 2500 என்ற கனரக பிக்கப் வகை வண்டிகள் பலவற்றில், ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் போட்டிருக்கும்.

12,000 பவுண்டு டிரெய்லர் என்று வையுங்கள். அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாக வண்டியின் மேல்தான் இறங்கும். நடுவாக வைத்தாலும் 1,500 பவுண்டு அங்கேயே போய்விட்டது! ஸ்டிக்கரில் 2,000 என்றிருந்தால் மிச்சம் 500தான். குடும்பத்தோடு ஏறினாலே தீர்ந்துவிடும். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடக் கனம் என்பதால், ஒரே 2500 வகையிலும் டீசலுக்குச் சுமக்கும் அளவு குறைவாகத்தான் வரும். ஐந்தாம் சக்கர டிரெய்லர் (பின்னால் கொக்கியில் அல்லாமல், பிக்கப்பின் சாமான் தட்டுக்குள் மாட்டுவது) என்றால் சுமை இன்னும் கூடும். நேராக அடுத்த கனமான வகையான 3500 பாருங்கள்.

அப்புறம், எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை அடைத்து, எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ராக்கி மலைச் சரிவுகளில் இறங்கும்போது சக்கர பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்காமல் காப்பது அதுதான்.