வால்வு மாற்றிய பிறகு வீட்டில் நாடி பார்ப்பது எப்படி?

இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வாசலான அயோர்டிக் வால்வை மாற்றி வீட்டுக்கு வந்துவிட்டீர்களா? சரி, இனி தினமும் நாடி பாருங்கள். வால்வுக்குச் சற்றுக் கீழேதான் இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்பாதை ஓடுகிறது. தொடை வழியாகக் குழாய் செலுத்திப் பொருத்தும் டாவி முறையில் புது வால்வு விரிந்து அந்தப் பாதையை அழுத்தினால் துடிப்பு மந்தமாகலாம், அதுவும் சில நாள் கழித்துத்தான் தெரியவரலாம். நெஞ்சைத் திறந்து செய்தவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பு வருவது சகஜம், பெரும்பாலும் முதல் வாரத்திலேயே.

காலையில் காபிக்கு முன்னால் 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வைத்து முழுசாக 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள், துடிப்பு சீராக இல்லையென்றால் கணக்கு தப்பிவிடும். டக், டக், அப்புறம் ஒரு இடைவெளி, பிறகு இரண்டு வேகமாக என்று வந்தால் அதையும் எண்ணோடு சேர்த்து நோட்டில் எழுதுங்கள்.

இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவியை மாட்டியிருந்தால் படபடப்பு வந்த நொடியே பொத்தானை அழுத்துங்கள், அந்த நேரத்தையும் குறியுங்கள்.

ஓய்வில் 50க்குக் கீழோ 120க்கு மேலோ போனால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், தயவுசெய்து உடனே 108.