மருந்தடிக்கும் ட்ரோனுக்கு அடையாள எண் வாங்குவது எப்படி?

காவேரிப்பட்டணம் பக்கம் மா பூக்கும் தை, மாசியில் தத்துப்பூச்சிக்கு ட்ரோனில் மருந்தடிக்கக் கூப்பிடுகிறவர்கள் நிறைய. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எடுத்ததும் கேட்பது, "ஏக்கருக்கு எவ்வளவுண்ணா வாங்கலாம்?" அது அப்புறம். முதலில் யுஐஎன், அதாவது ட்ரோனின் தனி அடையாள எண். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி.   நம் 2021 ட்ரோன் விதிகளுக்கு ஆதாரம் இந்த எண்தான்.

முதல் வேலை, எடை பார்ப்பது. டாங்க் நிரம்பிய எடையைக் கணக்கிடுங்கள். 2 கிலோவுக்கு மேல், 25 கிலோ வரை 'ஸ்மால்' வகை. இந்த வகையை ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும்: 18 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த இடத்தில் பயிற்சி. 10 ஆண்டு செல்லும்.

அடுத்து, ட்ரோனுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே டைப் சர்டிஃபிகேட் எண்ணை, அதாவது அந்த மாடலுக்குக் கிடைத்த தரச் சான்றிதழின் எண்ணை, விற்பவரிடம் கேளுங்கள். "பிறகு வந்துவிடும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். யுஐஎன் மூன்று வரிசை எண்களோடு கட்டப்பட்டது: ட்ரோனுடையது, உள்ளே இருந்து பறப்பைக் கட்டுப்படுத்தும் ஃபிளைட் கன்ட்ரோலருடையது, கையில் பிடிக்கும் ரிமோட்டுடையது. ஒருமுறை தென்னை மட்டையில் இடித்து விழுந்ததில் கன்ட்ரோலர் போனது. புதிதாக மாற்றினேன், யுஐஎன் பதிவு செய்த இணையதளத்தில் எண்ணை மாற்றவில்லை. இன்சூரன்ஸ் புதுப்பிக்க வந்தவர் எண்களை ஒப்பிட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். பூப்பருவத்தில் இரண்டு நாள் மெஷின் வீட்டில் கிடந்தது. மாற்றிய 7 நாளுக்குள், அதற்குள் பறக்கவிடுவதாக இருந்தால் அதற்கு முன்பே, புது எண்ணை ஏற்ற வேண்டும் என்பது விதி. கன்ட்ரோலர் ஸ்டிக்கர் மூடிக்கு அடியில் இருக்கும். மருந்துக் கறை படிந்தால் எழுத்து அழிந்துவிடும், வாங்கிய அன்றே மூன்றையும் போனில் படமெடுத்து வையுங்கள்.

விண்ணப்பம் சுலபம். டிஜிசிஏவின் இ-ஜிசிஏ இணையதளத்தில் டி-2 படிவம், கட்டணம் 100 ரூபாய். பழைய மெஷின் வாங்கினால் டி-3 வழியாகப் பெயர் மாற்ற வேண்டும்.

சரி, எண் வந்துவிட்டது. பறக்கும் நாளில், எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன்அனுமதி வேண்டாம். "நாம் மரத்துக்கு மேலே பத்தடிதானே" என்று அசட்டையாக இருக்காதீர்கள். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள், முன்அனுமதி வேண்டிய மஞ்சள் மண்டலம் தரையிலிருந்தே தொடங்கிவிடும். விமான ஓடுதளம் இருக்கும் ஓசூர்ப் பக்கம் வேலை வந்தால் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பேன். தோப்புக்குள் சிக்னல் எடுக்காது, அதனால் வீட்டிலேயே பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறேன்.