ஏழாம் வகுப்பு: மூன்று பாடத்துக்கும் ஒரே வரைபடத்தாள்

ஏழாம் வகுப்புக் கணக்கில் பரப்பளவு, அறிவியலில் அடர்த்தி, சமூக அறிவியலில் நிலப்பட அளவை. மூன்றிலும் பிள்ளைகள் மதிப்பெண்ணை விடும் இடம் ஒன்றுதான்: அலகு மாற்றம்.

1 மீட்டர் 100 செ.மீ. என்பதால், 1 சதுர மீட்டரையும் 100 சதுர செ.மீ. என்றே எழுதிவிடுவார்கள். சரியான விடை 10,000. இதை மனப்பாடம் செய்யவைத்துப் பயனில்லை. வரைபடத்தாளில் ஒரு சென்டிமீட்டர் கட்டத்தைக் காட்டி, உள்ளே இருக்கும் மில்லிமீட்டர் கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். பக்கத்துக்கு 10தான், ஆனால் மொத்தம் 100 வரும். நீளம் 10 மடங்கானால் பரப்பு 100 மடங்கு. அதே வழியில் கன அளவு 1,000 மடங்கு.

நிலப்படத்தில் 1 செ.மீ. என்பது 10 கி.மீ. என்றால், 1 சதுர செ.மீ. 100 சதுர கி.மீ. ஆவதும் இதனால்தான்.

அடர்த்திக்கு 60 கிராம் கல் ஒன்று போதும். அளவு குவளையில் 50 மி.லி. தண்ணீர், கல்லை நூலில் கட்டி முழுக மூழ்கவிட்டால் 74 மி.லி. வருகிறது என்று வையுங்கள். 1 மி.லி. என்பது 1 கன சென்டிமீட்டர் (க.செ.மீ.) என்பதால், கல்லின் கன அளவு 74 − 50 = 24 க.செ.மீ., அடர்த்தி 60 ÷ 24 = 2.5 கிராம்/க.செ.மீ. பலர் 74ஆல் வகுத்துவிடுவார்கள். நீர்மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்து, நீர்ப்பரப்பின் குழிவான வளைவின் அடிப்பகுதியில் படிக்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரியும். கல்லில் ஒட்டிய காற்றுக்குமிழையும் தட்டிவிடுங்கள்.