கடல்கன்னி தலைகீழானால்: சர்ரியலிசக் கடல் ஓவியத்தைப் படிக்க ஒரு வழி

இயல்பானதையும் விசித்திரமானதையும் கனவுபோலக் கலக்கும் கலை இயக்கம் சர்ரியலிசம். அதைச் சேர்ந்த பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரித் 1934-இல் வரைந்த 'கூட்டுக் கண்டுபிடிப்பு' என்னைப் பல வாரங்கள் அலைக்கழித்தது. அலையோரத்தில் ஓர் உயிர் கிடக்கிறது. மேலுடல் மீன், இடுப்புக்குக் கீழே பெண். குறியீட்டு அகராதியைப் புரட்டினேன்: மீன் என்றால் ஆழ்மனம், கடல் என்றால் தாய். கையில் கிடைத்த எல்லாக் கடல் ஓவியங்களுக்கும் அதே விடை பொருந்தியது. எதற்கும் பொருந்தும் விடையால் என்ன பயன்? அகராதியை மூடிவிட்டு நானே தேடிக்கொண்ட வழி இது.

படி 1: தலைப்பை மறைத்துவிடுங்கள். மக்ரித்தின் பல ஓவியங்களுக்கு நண்பர்களே பெயர் சொல்லியிருக்கிறார்கள். பென்சிலும் வெள்ளைத்தாளும் போதும். கைபேசித் திரை வேண்டாம். துண்டு துண்டாகப் பெரிதாக்கும்போது அடிவானம் கைநழுவிவிடும்.

படி 2: உயிரினத்தை முதலில் உயிரினமாகவே அடையாளம் காணுங்கள். வால் செங்குத்தாக இருந்தால் மீன். கிடையாக விரிந்தால் திமிங்கிலம் அல்லது ஓங்கில் (டால்பின்). பெரிய கொடுக்குகள் கொண்ட ஐரோப்பியச் சிங்கி இறால் உயிரோடு இருக்கையில் பொதுவாகக் கருநீலம், வெந்தால்தான் சிவக்கும். செக்கச் சிவந்த இறால் கடலடியில் ஊர்ந்தால், ஓவியர் ஒரு பிணத்தை நடக்கவிட்டிருக்கிறார்!

படி 3: நான் இடறி விழுந்தது இங்கேதான். விசித்திரமானவற்றை மட்டும் பட்டியலிட்டேன். முதலில் எழுத வேண்டியது இயல்பாக இருப்பவற்றை. மக்ரித்தின் மணல் மணல்தான், அலை அலைதான், வானமும் அப்படியே. மாறியிருப்பது ஒன்றே ஒன்று: கடல்கன்னியின் மேலும் கீழும் இடம் மாறிவிட்டன. இனிக் கேளுங்கள்: இந்த மாற்றத்தால் யார் எதை இழந்தார்கள்? அவள் பாடும் வாயை இழந்தாள், நீந்தும் வாலை இழந்தாள். செவுளுக்குக் கரையில் மூச்சில்லை. கால்களுக்கு ஆழ்கடலில் வேலையில்லை. பார்ப்பவரும் இழக்கிறார். முகத்தில் மயங்கித்தான் வந்தேன் என்று அவர் இனிச் சொல்ல முடியாது. எஞ்சியிருப்பது உடல் மட்டும்; அதற்கு மேலே இமையில்லாத மீன் கண்.

படி 4: உங்கள் வாசிப்பை இரண்டு வரிகளில் எழுதிய பிறகு தலைப்பைத் திறங்கள். கடல்கன்னி தனி ஒருவரின் கற்பனை அல்ல, பல நாட்டு மக்கள் தலைமுறைகளாகப் புனைந்தது. 'கூட்டு' என்ற சொல் இப்போது உறைக்கும்.

பின்சேர்க்கை: "நான் படிக்க எடுத்த ஓவியத்தில் இயல்பானது எதுவுமே இல்லையே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பிரான்சில் பிறந்த சர்ரியலிச ஓவியர் இவ் தாங்கியின் ஓவியங்கள் அப்படித்தான்: கடலடி போன்ற வெளி, பெயரில்லாத வழவழப்பான வடிவங்கள், பலவற்றில் கரைந்துபோன அடிவானம். அங்கே நிழல்களைப் பின்தொடருங்கள். அவை கூர்மையாக, ஒளி விழும் திசைக்கு ஏற்பவே பெரும்பாலும் விழுகின்றன. இயல்பானவற்றின் பட்டியலை அந்த நிழலிலிருந்து தொடங்கலாம்.