லேபில் கல்மரம் செய்யக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

வேலூர்ப் பக்கம் கல்லூரிகளில் அறிவியல் கண்காட்சி வந்தால் போதும், ‘ஒரே வாரத்தில் கல்மரம்’, அதாவது மரத்தைக் கல்லாக மாற்றிக் காட்டுகிறேன் என்று யாராவது கிளம்பிவிடுகிறார்கள். நானும் கிளம்பியவன்தான். கட்டைவிரல் பருமனில் ஒரு சவுக்குத் துண்டை சிலிக்கா (மணலில் இருக்கும் பொருள்) கரைசலில் ஒரு ராத்திரி போட்டுவைத்து, காலையில் ரம்பத்தால் அறுத்துப் பார்த்தால் மேலே மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தது, உள்ளே அதே மரம், வாசனைகூட மாறவில்லை.

தப்பு அவசரத்தில்தான். அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வுக்கூடம் 2005இல் வெளியிட்ட முறையில் பைன், பாப்லர் மரத்தை 1 செ.மீ. கனசதுரமாக வெட்டி, முதலில் 2 நாள் அமிலத்தில், அப்புறம் 2 நாள் சிலிக்கா கரைசலில் ஊறவைத்தார்கள். சிலிக்கா நன்றாக ஏற அதையே மூன்று தடவை வரை செய்யலாம். அமிலத்தை விட்டுவிட்டேன் என்று ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். பிக்கிள் போடாமல், அதாவது தோலை முதலில் உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊறவைக்காமல், பதனிடும் குரோம் உப்பை ஏற்றினால் அது மேல்தோலோடு நின்றுவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஊறியதை ஈரத்தோடு அடுப்பில் வைக்காதீர்கள், வெடித்துவிடும். காற்றில் உலரட்டும்.

அடுத்தது அடுப்பு. பல பேர் கவிழ்வது இங்கேதான். லேபில் இருக்கும் சாதாரண மஃபிள் அடுப்பில் (மூடிய மின் உலை) வைத்தால் காற்று பட்டு மரத்தில் உள்ள கார்பன் முழுக்க எரிந்து, வெறும் வெள்ளைக் கூடுதான் மிஞ்சும். நமக்கு வேண்டியதே அந்தக் கார்பன்தான், அதுதான் சிலிக்காவில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு சிலிக்கானோடு சேர வேண்டும். அதனால்தான் எதையும் எரிய விடாத ஆர்கான் வாயு நிரப்பிய அடுப்பில் சூட்டை மெதுவாக 1,400 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி, 2 மணி நேரம் வைத்து, ஆறுவதையும் ஆர்கானிலேயே விடுகிறார்கள். வெளியேறுவது கார்பன் மோனாக்சைடு, விஷ வாயு. அமிலமும் இதுவும் சேர்ந்த வேலையை வீட்டு மொட்டைமாடியில் வைத்துக்கொள்ளவே கூடாது.

கடைசியாக, ‘கல்மரம்’ என்கிற பெயர். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கிடக்கிற கல்மரங்களுக்கு வயது ஏறக்குறைய 2 கோடி ஆண்டு, மரம் இருந்த இடத்தில் சிலிக்கா உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கையில் இருப்பது சிலிக்கான் கார்பைடு, சாணைக்கல்லில் வருகிற அதே பொருள், மரத்தின் நுண்ணிய துளைகள் மட்டும் அப்படியே இருக்கும். கண்காட்சியில் வைக்கும் அட்டையில் அதையும் எழுதுங்கள். மாங்காய் மண்டியில் பழுக்க வைக்கிற கார்பைடா என்று ஒருவராவது கேட்பார், அது கால்சியம் கார்பைடு, வேறு சரக்கு.